கரண்டு வைக்கிற அக்காவிடமிருந்து மண்டபத்துத் தங்கச்சிக்கு

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி சித்தி போன் பண்ணினார்கள். "அவளும் உன்னை மாதிரி கரண்டு வைக்கிற படிப்புக்குப் போறேங்குறா. கதிர் பட்டா நாளைக்குப் பிள்ளை பிறக்குமாடி?" என்று கேட்கும்போதே குரல் உடைந்துவிட்டது. புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுச் சிகிச்சை கொடுப்பதைத்தான் நம் ஊரில் கரண்டு வைக்கிறது என்பார்கள், அதுதான் என் வேலை. சித்தியைச் சமாதானப்படுத்திவிட்டேன். உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நம் மண்டபம் மாதிரி கடலோர ஊர்ப் பிள்ளைகள் இன்னும் நாலு பேர் படிக்கட்டும் என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பயம். எக்ஸ்ரே மெஷினும் சரி, நாங்கள் கரண்டு வைக்கிற லினாக் மெஷினும் சரி, இயக்கினால்தான் கதிர் வரும், நிறுத்தினால் நின்றுவிடும். டியூப் லைட்டை அணைத்த பிறகு அறையில் வெளிச்சம் மிச்சம் இருக்குமா? இதே சிகிச்சைக்கு இருக்கும் கோபால்ட் மெஷின் மட்டும் வேறு. அதில் இருக்கும் கோபால்ட்-60 என்ற கதிரியக்கப் பொருள் எப்போதும் கதிர் விட்டுக்கொண்டே இருக்கும், அதனால் கனமான கவசத்துக்குள் அடைத்து வைத்திருப்பார்கள். சிகிச்சை நடக்கும்போது நாங்கள் தடித்த கான்கிரீட் சுவருக்கு இந்தப் பக்கம், கேமராவில் பார்த்தபடி உட்கார்ந்திருப்போம். நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை அனுப்பி எங்கள் மேல் எவ்வளவு பட்டது என்று கணக்கெடுப்பார்கள். நம் நாட்டில் வருடத்துக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு அது). என் கணக்கு அதன் பக்கத்தில்கூட வந்ததில்லை. இரண்டு முறையும் முழுகாமல் இருந்தபோது உடனே எழுதிக் கொடுத்தேன், வேலையை மாற்றிக் கொடுத்தார்கள். என் இரண்டு பிள்ளைகளையும் சித்திதானே குளிப்பாட்டினார்கள்!

படிப்பு விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. பக்கம் போக பி.எஸ்சி. ரேடியோகிராஃபி அண்ட் இமேஜிங் டெக்னாலஜி. எங்கள் பக்கம் வர பி.எஸ்சி. ரேடியோதெரபி டெக்னாலஜி. மூன்று வருடப் படிப்பு, அப்புறம் ஒரு வருடம் இன்டர்ன்ஷிப். துணை மருத்துவப் படிப்பு விண்ணப்பம் எப்போது வருகிறது என்று பார்த்துக்கொண்டே இரு. ஆறு மாதத்தில் சர்டிபிகேட் தருகிறோம் என்று போர்டு வைத்திருக்கும் இடத்தில் மட்டும் பணத்தைக் கட்டிவிடாதே. என்னோடு பிளஸ் டூ படித்தவள் ஒருத்தி அப்படிக் கட்டி ஏமாந்தாள். அந்தத் தாளை எந்த ஆஸ்பத்திரியும் மதிக்கவில்லை.

இரண்டில் எது என்று கேட்டிருந்தாய். படம் எடுக்கிறவருக்கு ஒரு நோயாளி பத்து நிமிடமோ அரை மணி நேரமோதான். அதற்குள் ஆளைச் சரியாகக் கிடத்தி, மூச்சை அடக்கச் சொல்லி, டாக்டருக்குத் தெளிவான படம் கொடுத்தாக வேண்டும். அதுவும் பெரிய வேலைதான். எங்களுக்கு அதே முகம் ஒன்றரை மாதம் தினமும் வரும்.

பாம்பன் பக்கத்து விசைப்படகு டிரைவர் ஒருவர், வாயில் புற்று. மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தார். 33 கரண்டு, அதாவது 33 தடவை சிகிச்சை. தலை அசையாமல் இருக்க மாஸ்க் செய்ய வேண்டும். சின்னச் சின்ன ஓட்டை போட்ட வெள்ளைத் தகடு அது. வெந்நீரில் போட்டதும் துணி மாதிரி துவண்டுவிடும். ஈரம் ஒற்றி, சூடு பொறுக்கிறதா என்று என் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, அவர் முகத்தில் போர்த்தி, மூக்கையும் தாடையையும் விரலால் அழுத்தி அழுத்திப் பதித்தேன். சில நிமிடத்தில் இறுகிவிட்டது. கழற்றியதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணி ரொம்பச் சின்னதா இருக்கே தாயி" என்றார்.

மூன்றாவது வாரம் வாயெல்லாம் புண். கஞ்சிகூட இறங்கவில்லை. ஆனாலும் விடாமல் வந்தார். ஜூன் 14-ஆம் தேதியோடு தடை முடிந்தது. அடுத்த நாள் ஆளைக் காணோம். 24 தான் முடிந்திருந்தது. போன் போட்டேன். "ரெண்டு தடவ கடலுக்குப் போயிட்டு வந்துர்றேன் தாயி, வீட்டுல கடன்" என்றார். "நடுவில் நாள் விட்டால் கட்டி திரும்ப வளரும் அண்ணே. பாதி வலையை இழுத்துட்டுக் கையை விட்டா மீன் நிக்குமா?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கினார். 33-ஐயும் முடித்துவிட்டு, மாஸ்க்கைக் கேட்டு வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

அந்தப் போனைப் போடச் சொல்லி எந்தப் பாடத்திலும் இல்லை. ஆனால் கடல் எப்போது திறக்கும், வீட்டில் எப்போது காசு தீரும் என்று தெரிந்தவள் அந்த அறையில் இருந்ததால்தான் அது நடந்தது. நீ வர வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதற்காகத்தான். டாக்டர் சீட் கிடைக்காத ஆறுதலுக்கு என்று மட்டும் வந்துவிடாதே. முப்பது நாள் ஒருவர் மெலிந்துகொண்டே வருவதைப் பார்க்க மனசு தாங்குமா என்று யோசித்துக்கொள். தாங்காது என்றால் படம் எடுக்கிற பக்கம் போ, அதில் ஒரு குறையும் இல்லை.

அடுத்த சனிக்கிழமை சித்தியையும் கூட்டிக்கொண்டு மதுரைக்கு பஸ் ஏறு. கதிர் அளவைக் கணக்குப் போடுகிற எங்கள் பிசிசிஸ்ட் சாரிடம் அனுமதி கேட்டு வைத்திருக்கிறேன். நோயாளிகள் எல்லாரும் போன பிறகு, மாஸ்க் தகட்டில் ஒரு மிச்சத் துண்டை வெந்நீரில் போட்டு உன் கையில் பதித்துக் காட்டுகிறேன். அப்புறம் முடிவு பண்ணு.

உன் அக்கா