மாப்புக்கும் வாளிக்கும் ஓர் அறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் வணிக வளாகங்கள் பலவற்றில் தினமும் இரண்டு வேளை துடைத்தும் தரை பளிச்சென்று இருப்பதில்லை. இதற்குத் துப்புரவுப் பணியாளர்களைக் குறை சொல்வதே வழக்கமாகிவிட்டது. கோளாறு கட்டடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து. லிஃப்ட், ஜெனரேட்டர், வாகன நிறுத்தம் என எல்லாவற்றுக்கும் வரைபடத்தில் இடம் ஒதுக்குகிறவர்கள், மாப்பையும் வாளியையும் வைக்க ஒரு மூலையைக்கூட விட்டுவைப்பதில்லை.

என் அலுவலகம் இருக்கும் கட்டடத்தில் இந்தச் சாமான்கள் மாடிப்படிக்குக் கீழே, மின்சார மீட்டர் பெட்டிகளை ஒட்டிக் கிடக்கின்றன. தீப்பிடித்தால் நாங்கள் இறங்கி ஓட வேண்டிய வழியும் அதுதான். அலசுவதற்குத் தனிக் குழாய் இல்லாததால், கழிவறையைத் துடைத்த மாப்பே அதே வாளி நீரோடு வராந்தாவுக்கும் வருகிறது. அந்த ஒரு வாளியில்தான் தளம் முழுவதும் துடைத்தாக வேண்டும். அழுக்கு போவதற்குப் பதிலாக நீரில் கரைந்து பரவி, காய்ந்ததும் கிரானைட்டில் சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரிகிறது. பினாயிலைக் கூடுதலாக ஊற்றினாலோ, தரையில் தங்கும் பிசுபிசுப்பு மேலும் தூசியைப் பிடித்துக்கொள்கிறது. ஈரத்தோடு மூலையில் சாய்த்துவைத்த மாப்பின் வாடையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவற்றைவிடக் கவலை தருவது ஆசிட். அதைக் குடிநீர் பாட்டிலில் ஊற்றி, பெயர்ச்சீட்டுகூட ஒட்டாமல், பிளீச்சிங் பவுடர் பைக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். காற்றோட்டமில்லாத கழிவறையில் அது உயிருக்கே ஆபத்து. போதாக்குறைக்கு, ஆசிட் பளிங்குக் கல்லை மங்கச் செய்து, டைல்ஸ் இடுக்குகளில் உள்ள சிமென்ட்டையும் அரித்துவிடும். வாங்குபவரின் விவரத்தைப் பதிவு செய்யாமல் ஆசிட்டைச் சில்லறையில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013-லேயே உத்தரவிட்டது. வாங்கி வந்த பிறகு அது எந்தப் பாட்டிலில், யார் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது என்று எங்கள் கட்டடத்தில் கேட்பாரில்லை.

தளத்துக்கு ஒரு சிறிய அறை போதும். தரையோடு ஒட்டிய தொட்டி, ஒரு குழாய், மாப்பைத் தலைகீழாக மாட்டிக் காயவைக்கக் கொக்கிகள், பூட்டுள்ள ஓர் அலமாரி, கழிவறைக்குச் சிவப்பும் வராந்தாவுக்கு நீலமுமாகத் தனித்தனி மாப், வாளி ஆகியவை அதில் இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். (மழைக்காலத்தில் வாசலில் போடும் கோணிச் சாக்கை எடுத்துவிட்டு, நாலைந்து அடி வைக்கும் நீளத்துக்கு நல்ல மிதியடி விரித்தால், கல்லின் பாலிஷைக் கீறும் மணலும் உள்ளே வராது.) அலுவலகக் கட்டடங்களில் தளத்துக்கு ஒரு துப்புரவுத் தொட்டி வேண்டும் என்று தேசியக் கட்டட விதித்தொகுப்பே கூறுகிறது. திட்ட அனுமதி வழங்கும் சிஎம்டிஏவும் மாநகராட்சியும் வரைபடத்தில் இதைப் பார்த்த பின்பே ஒப்புதல் தர வேண்டும். பழைய கட்டடங்களில், மாதந்தோறும் பராமரிப்புக் கட்டணம் வசூலிக்கும் உரிமையாளர்கள் அந்தப் பணத்திலிருந்தே இந்த அறையைக் கட்டித் தரலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சென்னை