நோட்டில் ஒரு நாள்கூட விடுபடவில்லை: குன்றுக்கு வந்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, தம்பி தங்கைகளே,

குன்றின் உச்சியிலிருந்து வலசைப் பறவைகளை எண்ணும் இந்த வருடக் கணக்கை முடித்து நோட்டை மூடியாயிற்று. நேற்று முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை நிதானமாகப் புரட்டினேன். செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30 வரை 91 நாட்கள். ஒரு நாள்கூட விடுபடவில்லை. அதில் என் கையெழுத்து இருப்பது முதல் 37 நாட்களில் மட்டும்தான். மீதி 54 நாட்களும் உங்கள் கையெழுத்து. சிலது கோழிக் கிறுக்கல், சிலது முத்து முத்தாக, ஒரு பக்கத்தில் மழைத்துளி விழுந்து மை பரவியிருக்கிறது. எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

அக்டோபர் 8 காலையில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். விடிவதற்குள் உச்சிக்குப் போய்விட வேண்டும் என்று வேகமாக ஏறினேன். பனியில் நனைந்திருந்த பாறையில் கால் வழுக்கி, கணுக்கால் எலும்பு முறிந்தது. ஆடு மேய்க்கும் பெரியவர்தான் சத்தம் கேட்டு முதலில் ஓடி வந்தார். என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் கீழே இறக்கினார். ஐயா, அன்றைக்கு உங்கள் ஆடுகளை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள். நீங்கள் வெகு நாளைக்கு முன் சொல்லிக் கொடுத்த ஒன்று இன்றும் என் முதல் பாடம்: "காக்கா எழுந்து கத்தினா, அதைப் பாக்காதே, அதுக்கு மேலே பாரு." எத்தனையோ பருந்துகளை அப்படித்தான் கண்டுபிடித்திருக்கிறேன்.

என்னோடு வந்திருந்த கல்லூரித் தம்பியும் கூடவே இறங்கப் பார்த்தான். நான்தான் "நீ மேலே போய் எண்ணு" என்றேன். கோபம் இருந்திருக்கும் அவனுக்கு. ஆனாலும் போனான். அன்றைய பக்கத்தில் காலை 6.20 முதல் 10 மணி வரை அவன் குறித்த வரிகள் இருக்கின்றன. கடைசியில், சின்னதாக, "அண்ணனுக்குக் கால் அடிபட்டது" என்று ஒரு வரி. தம்பி, அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று உனக்குத் தெரியாது.

அப்புறம் நடந்ததெல்லாம் நான் கேட்காமலே நடந்தது. யார் எந்தக் கிழமை போவது என்று நீங்களே பேசி முறை வைத்துக்கொண்டீர்கள். தினமும் காலையில் யாராவது ஒருவர் போன் செய்தீர்கள். கட்டுப் போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அந்த அழைப்புக்காகத்தான் காத்திருப்பேன். மழை விட்டு வாடை திரும்பிய ஒரு காலை, அக்கா ஒருவர் மூச்சிரைக்க "தகைவிலான் வந்துகிட்டே இருக்கு, பத்துப் பத்தாத்தான் எண்ண முடியுது, வெச்சிடறேன்" என்று சொல்லிவிட்டுப் பாதியில் வைத்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமான போனை நான் வாங்கியதே இல்லை. தகைவிலான் இருபது கிராம்கூடத் தேறாத குருவி, எதிர்காற்று அடித்தால் புல்லை உரசுகிற மாதிரி தாழ்ந்து போகும், பின்காற்று கிடைத்தால் கண்ணுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதனால்தான் காற்றின் திசையை முதலில் எழுதச் சொல்லி உங்களை நச்சரித்தேன். ஒருவர்கூட அதை மறக்கவில்லை.

ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சார், நீங்கள் அட்டையில் கறுப்பு மையால் வரைந்து கொடுத்த பருந்து நிழலுருவங்கள் இல்லாவிட்டால் புதிதாக வந்தவர்கள் தடுமாறியிருப்பார்கள். இறக்கையை லேசாக மேல்நோக்கி மடித்து மிதக்கும் பூனைப்பருந்து, கூர்மையான இறக்கை கொண்ட வல்லூறு, புறாவுடையது போலச் சின்னத் தலையும் நீண்ட கழுத்தும் தெரியும் தேன்பருந்து. நிறம் எதுவும் போடவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பார்க்கும்போது நிறமே தெரியாது என்பதை எத்தனை சரியாகப் புரிந்துகொண்டீர்கள்! அந்த அட்டை இப்போது ஓரம் நைந்து, உச்சிப் பாறையின் இடுக்கிலேயே குடியிருக்கிறது.

பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைப் பதியும் இபேர்ட் இணையதளத்தில் எங்கள் பட்டியலைச் சரிபார்க்கும் தன்னார்வலருக்கும் நன்றி. செப்டம்பர் கடைசியில் நான் ஒன்றை அமூர் வல்லூறு என்று பதிந்தேன். "இறக்கையின் அடிப்பக்கம் முன்பாதி வெள்ளையாக இருந்ததா?" என்று மரியாதையாகக் கேட்டார். ஆண் பறவைக்கு அதுதான் அடையாளம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், வெள்ளை இல்லை. பதிவைத் திருத்தினேன். தப்பாகப் போயிருந்தால் அது எங்கள் கணக்கிலேயே நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும்.

குன்றின் அடிவாரத்து மாடி வீட்டுக் குடும்பத்துக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். சின்னப் பறவைகளில் பெரும்பாலானவை இரவில்தான் வலசை போகும். காற்று அப்போது குளிர்ந்து அடங்கியிருக்கும், வேட்டைப் பறவைகளின் தொல்லையும் குறைவு. வழிகாட்ட நட்சத்திரங்கள் உண்டு. ஸ்டீபன் எம்லன் என்ற அறிவியலாளர் 1960-களில் கோளரங்கத்துக்குள் குருவிகளை வைத்துப் பார்த்து இதைக் காட்டினார். பிரகாசமான விளக்கு அவற்றை இழுத்துத் திசை தடுமாற வைக்கும். மாடியில் எரிந்த ஃபிளட்லைட்டைப் பற்றி நான் தயங்கித் தயங்கித்தான் பேச வந்தேன். நீங்களோ "இவ்வளவுதானா?" என்று அன்றிரவே அணைத்தீர்கள், நவம்பர் முடியும்வரை போடவே இல்லை.

அந்த வீட்டுப் பெண், ஒன்பதாம் வகுப்புத் தங்கச்சி, செய்ததை எல்லோரும் கேட்க வேண்டும். அக்டோபர் நடுவில் ஒரு விடியற்காலை, அவர்கள் ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆறுமணிக்குருவி விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பட்டை, வாலடியில் குங்குமச் சிவப்பு. இரவெல்லாம் பறந்து களைத்துக் கண்ணாடியில் மோதியிருக்கிறது. வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்ததாம். அவள் தண்ணீர் ஊற்றவில்லை, எதையும் ஊட்டவில்லை. ஒரு அட்டைப்பெட்டியில் துளை போட்டு, துணி விரித்து, உள்ளே வைத்து, இருட்டான அறையில் விட்டுவிட்டு எனக்குப் போன் செய்தாள். பகலெல்லாம் யாரையும் பெட்டியைத் திறக்க விடவில்லை. சாயங்காலம் புதர் ஓரமாகப் பெட்டியை வைத்து மூடியைத் தூக்கினாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு தத்தித் தத்திச் சருகுக்குள் போனது. ஆறு மணி வாக்கில் அந்தப் பக்கமிருந்து இரண்டு சீட்டிச் சத்தம் கேட்டதாகச் சொன்னாள். போனில் அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது, எனக்கும்தான்.

அதே தங்கச்சி நவம்பர் மழையில் எழுதிய ஒரு பக்கம்: "பனிமூட்டம். எதிரில் இருக்கும் மரமே தெரியவில்லை. 6 முதல் 9 வரை இருந்தோம். 0." இப்படிப் பூஜ்யம் எழுதிய நாட்கள் மொத்தம் ஆறு. அந்த ஆறு நாளும் எழுதியவர்களுக்கு என் நன்றி மற்ற எல்லோருக்கும் சொல்வதைவிட ஒரு பிடி கூடுதல். வெறும் இடமாக விட்டிருந்தால், பறவை வரவில்லையா, ஆள் வரவில்லையா என்று பின்னால் பார்ப்பவருக்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், வேட்டைக்காரர்கள் பருந்துகளைச் சுட்டுக் குவித்த ஒரு மலையை 1934-இல் ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி குத்தகைக்கு எடுத்துக் காப்பிடமாக மாற்றினார். அங்கே காவலராக இருந்த மாரிஸ் பிரவுன் வருடா வருடம் எண்ணி எழுதிய கணக்கில் இளம் வெண்தலைக் கழுகுகள் குறைந்துகொண்டே வந்தது தெரிந்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லிக்கு எதிராக எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962-இல் வாதாடியபோது அந்தக் கணக்கும் ஒரு சாட்சி. எழுதும்போது பிரவுனுக்கு அது தெரிந்திருக்காது. விடாமல் எழுதினார், அவ்வளவுதான். நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள்.

என் வீட்டாருக்கும், எலும்பைச் சேர்த்துக் கட்டிய மருத்துவருக்கும் நேரில் சொல்லிவிட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கைத்தடியோடு, மூன்று இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து உச்சிக்குப் போனேன். பாறைக் குழியில் தேங்கிய தண்ணீரோரம் சாம்பல் வாலாட்டி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது. அது என்றைக்கு வந்தது என்று நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஓவிய ஆசிரியரின் கையெழுத்தில், அக்டோபர் 11.

மார்ச் மாதம் இவையெல்லாம் வடக்கே திரும்பும். அப்போதும் எண்ணலாம் என்று நினைக்கிறேன். முறையை நீங்களே போடுங்கள், எனக்கும் ஒரு கிழமை ஒதுக்குங்கள். நோட்டை ஞாயிறன்று கொண்டு வருகிறேன். எண்ணும் கிளிக்கர் மட்டும் தங்கச்சியிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
குன்றில் உங்களோடு எண்ணும் ஒருவன்