பணம் கேட்டு வரும் உங்கள் அழைப்பை நாங்கள் எவ்வாறு நம்புவது? வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மின், நீர், தொலைபேசிச் சேவைகளை வழங்கும் நிறுவனங்களின் பொறுப்பதிகாரிகளுக்கும், வங்கிகள் மற்றும் குத்தகை, நுண்கடன் நிறுவனங்களின் அறவீட்டுப் பிரிவினருக்கும், இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவினருக்கும்.

மதிப்பிற்குரியீர்,

கட்டண நிலுவை பற்றி வடக்கின் வன்னிப் பகுதி மக்களுக்கு வருகின்ற தொலைபேசி அழைப்புகளில் எது உங்களுடையது, எது மோசடிக்காரருடையது என்று பிரித்தறிய முடியாத நிலை ஏற்பட்டிருக்கிறது என்பதையும், அதற்கு மோசடிக்காரரின் தந்திரம் மட்டுமன்றி நீங்கள் அழைக்கின்ற முறையும் காரணமாக இருக்கிறது என்பதையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மடலை எழுதுகிறேன். முல்லைத்தீவு மாவட்டத்தில் உப தபாலகம் ஒன்றில் பல்லாண்டுகள் கடமையாற்றி ஓய்வுபெற்றவன் நான். மின்கட்டணப் பட்டியலையும் தொலைபேசிக் கட்டணப் பட்டியலையும் நான்காக மடித்துக் கொண்டுவருவோரிடம் பணத்தைப் பெற்று, முத்திரை குத்திப் பற்றுச்சீட்டுக் கொடுத்த பழக்கத்தினாலோ என்னவோ, சந்தேகமான அழைப்பு ஏதும் வந்தால் அயலவர்கள் இன்றும் கைத்தொலைபேசியை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். இங்கே எழுதுவன அவர்களிடம் கேட்டறிந்தவை.

பொதுமக்களுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் எச்சரிக்கைகள் எங்களுக்கும் தெரியும். அவசரப்படுத்தினால் சந்தேகியுங்கள், மிரட்டினால் சந்தேகியுங்கள், அறியாத இலக்கத்திலிருந்து வந்தால் சந்தேகியுங்கள், அடையாள அட்டை இலக்கம் கேட்டால் கொடுக்காதீர்கள் என்பன அவை. இந்த அறிவுரைகள் எல்லாம், உண்மையான நிறுவனம் அவ்வாறு நடந்துகொள்ளாது என்ற நம்பிக்கையின் மேல் நிற்பவை. வன்னியில் அந்த நம்பிக்கைக்கு இடமில்லை. தவணை பிந்திய பெண்ணுக்கு வருகின்ற உண்மையான அறவீட்டு அழைப்பே, இன்று நான்கு மணிக்கு முன் கட்டாவிட்டால் வீட்டுக்கு ஆள் வரும், பிணை நின்றவருக்கும் சொல்லுவோம் என்றுதான் தொடங்குகிறது. நிலுவை பற்றிப் பேசுகின்ற உண்மையான ஊழியரே பல வேளைகளில் 07இல் தொடங்கும் தமது சொந்தக் கைத்தொலைபேசி இலக்கத்திலிருந்து எடுக்கிறார். உறுதிப்படுத்துவதற்காக என்று சொல்லி அடையாள அட்டை இலக்கத்தையும் பிறந்த திகதியையும் முதலில் கேட்பவரும் அவரே. மோசடிக்கு அடையாளம் என்று நாங்கள் எதையெல்லாம் படித்தோமோ அதையெல்லாம் உண்மையான அழைப்பும் செய்கின்றபோது, அந்த அறிவுரையால் ஒரு விவசாயிக்கோ கடற்றொழிலாளிக்கோ என்ன பயன்?

இதனால் இழப்பு இரண்டு பக்கமும் நேர்கிறது. ஒட்டுசுட்டான் பக்கத்தில் தனித்து வாழும் தாய் ஒருவர், வானொலியில் கேட்ட எச்சரிக்கையை மனத்தில் வைத்து, நிலுவை பற்றி வந்த அழைப்பைப் பொய்யென்று எண்ணித் துண்டித்துவிட்டார். அது உண்மையான அழைப்பு. சில நாள்களில் இணைப்பு வெட்டப்பட்டு, நிலுவையோடு மீளிணைப்புக் கட்டணமும் செலுத்த வேண்டி வந்தது. கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த தொழிலாளி ஒருவருக்கோ, நீங்கள் ஒரே பட்டியலுக்கு இரண்டு முறை பணம் கட்டிவிட்டீர்கள், மேலதிகத் தொகையைத் திருப்பித் தருகிறோம், உங்கள் தொலைபேசிக்கு வரும் இலக்கத்தைச் சொல்லுங்கள் என்று மிகவும் பணிவான தமிழில் ஒரு குரல் சொல்லியிருக்கிறது. அவர் சொன்ன இலக்கம் வங்கிக் கணக்கின் ஓ.ரி.பி. எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல். வலை வாங்குவதற்கென்று சேர்த்த பணம் அந்த உரையாடல் முடிவதற்கு முன்னரே கணக்கிலிருந்து போய்விட்டது. முதலாமவர் எச்சரிக்கையாக இருந்ததற்காகத் தண்டம் கட்டினார், இரண்டாமவர் நம்பியதற்காக இழந்தார். இருவரையும் குறைசொல்ல என்னால் இயலவில்லை.

எங்கள் மக்கள் ஏன் இலகுவில் நம்புகிறார்கள் என்று கேட்பவர்கள், வன்னியின் அண்மைய வரலாற்றைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1990களின் தொடக்கத்திலிருந்து 2009இல் போர் முடியும்வரை இப்பகுதியின் பெரும்பாகத்துக்குத் தேசிய மின்வலையமைப்பின் மின்சாரம் எட்டவில்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட ஊர்கள் இவை. மீள்குடியமர்வுக்குப் பின்னரே கம்பி வந்தது, சுவரில் மீற்றர் ஏறியது, மாதாந்தப் பட்டியல் என்ற ஒன்று கைக்கு வந்தது. கைத்தொலைபேசியும் வங்கிக் கணக்கும் ஏறக்குறைய அதே காலத்தில்தான் பலருக்கு முதன்முதலாகக் கிடைத்தன. 2023இல் தொடங்கிய அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கே அனுப்பப்படுவதால், மிகவும் வறிய குடும்பத்துக்கும் இன்று ஒரு கணக்கு இருக்கிறது, அதைத் தேடி அழைப்பவனும் இருக்கிறான்.

இதனினும் ஆழமான காரணம் ஒன்று உண்டு. போரின் முடிவில் இடம்பெயர்ந்து செட்டிகுளத்து முகாம்களில் இருந்த நாள்களிலிருந்து, நிவாரணத்துக்கும், வீட்டுத்திட்டத்துக்கும், வாழ்வாதார உதவிக்கும், காணிக்கும் என்று கேட்டவர்களுக்கெல்லாம் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் குடும்ப விபரத்தையும் கொடுத்துக் கொடுத்தே இந்த மக்கள் வாழ்ந்திருக்கிறார்கள். நீங்கள் யார், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்டவரின் பெயர் உதவி பெறுவோர் பட்டியலில் விடுபட்டுவிடும் என்ற பயம் அவர்களுக்கு வீண்பயம் அன்று. அதிகாரக் குரலில் விபரம் கேட்டால் உடனே சொல்லிவிடும் பழக்கம் அப்படி ஏற்பட்டது. அந்தப் பழக்கத்தை மோசடிக்காரன் பயன்படுத்துகிறான் என்பது கொடுமை. உங்கள் ஊழியர்களும் ஒவ்வோர் அழைப்பிலும் அதையே மேலும் உறுதிப்படுத்துகிறார்கள் என்பதுதான் என் முறைப்பாடு.

தொலைபேசித் திரையில் தெரியும் இலக்கத்தைப் பார்த்து அறிந்துகொள்ளலாமே என்று சிலர் சொல்லக்கூடும். வருகின்ற அழைப்பில் காட்டப்படும் இலக்கம் அழைப்பைத் தொடங்கும் பக்கத்திலிருந்தே அனுப்பப்படுகிறது. இணையவழி அழைப்பு முறைகளைக் கொண்டு அதைப் போலியாக இடலாம் என்பது ஆணைக்குழுவினராகிய தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால், நாங்களாகவே ஓர் இலக்கத்தை அழுத்தி எடுக்கின்ற அழைப்பை வலையமைப்பு அந்த இலக்கத்துக்கு உரியவரிடமே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. மின்சாரத்துக்கு 1987, நீருக்கு 1939 என்ற குறுகிய இலக்கங்கள் ஏற்கெனவே உள்ளன. ஆகவே வரும் அழைப்பை ஆராய்ந்து தீர்ப்புச் சொல்லும் பொறுப்பைப் பாமர மக்களின் தலையில் ஏற்றாமல், பணம் பற்றிய பேச்சு எப்போதும் நாங்கள் எடுக்கும் அழைப்பிலேயே நடைபெற வேண்டும் என்று நீங்கள் விதி செய்யலாம்.

அந்த விதி எப்படி அமைய வேண்டும் என்பதை நான் விளங்கியவரையில் சொல்கிறேன். உங்கள் ஊழியர் அழைக்கட்டும். தம் பெயரையும் அலுவலகத்தையும் சொல்லி, உங்கள் கணக்கில் நிலுவை இருக்கிறது, இந்த அழைப்பில் நான் பணமோ, அடையாள அட்டை இலக்கமோ, ஓ.ரி.பி.யோ கேட்கமாட்டேன், அழைப்பைத் துண்டித்துவிட்டு உங்கள் பட்டியலில் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு நீங்களே எடுத்துக் கேளுங்கள் அல்லது அலுவலகத்துக்கு வாருங்கள் என்று சொல்லி, அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் முடித்துக்கொள்ளட்டும். அந்த அழைப்புக்கு ஒரு குறிப்பிலக்கத்தைக் கொடுத்தால், பின்னர் நாங்கள் எடுக்கும்போது அது உண்மையா என்று உங்கள் பதிவேட்டைப் பார்த்துச் சொல்ல முடியும். திருப்பி எடுக்க வேண்டிய இலக்கத்தை ஊழியர் தம் வாயால் சொல்லவே கூடாது. ஏனெனில் மோசடிக்காரனும் ஓர் இலக்கம் சொல்லுவான், அங்கே எடுத்தால் அவனுடைய கூட்டாளி பேசுவான். கூகுளில் தேடி எடுக்கும் இலக்கங்களிலும் போலிகள் கலந்திருப்பதால் பட்டியலில் அச்சிட்டதை மட்டுமே நம்பச் சொல்ல வேண்டும். எல்லா நிறுவனங்களும் இந்த ஒரே ஒழுங்கைக் கடைப்பிடித்தால், பணத்தையோ இலக்கத்தையோ கேட்கின்ற அழைப்பு எதுவாயினும் பொய் என்று எண்பது வயதுத் தாய்க்கும் ஒரே வாக்கியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

இது வெளியில் நடைமுறையில் இல்லாத புதுமை அன்று. பிரித்தானியாவில் 2021 செப்டெம்பரில் 159 என்ற இலக்கத்தை ஏற்படுத்தினார்கள். வங்கியிலிருந்து பேசுவதாகச் சந்தேகமான அழைப்பு வந்தால் துண்டித்துவிட்டு 159ஐ அழுத்தினால், அத்திட்டத்தில் சேர்ந்துள்ள வங்கிகளின் வாடிக்கையாளர் தத்தம் வங்கிக்கே போய்ச் சேருவார்கள். இந்தியாவில் சேவை, கொடுக்கல் வாங்கல் தொடர்பான அழைப்புகளுக்கென்று 160இல் தொடங்கும் தனி இலக்கத் தொடரை 2024இல் அறிமுகம் செய்தார்கள். அதற்கு முன் 2022இல், முந்தைய மாதக் கட்டணம் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த அதிகாரியை அழையுங்கள் என்ற பொய்க் குறுஞ்செய்தி தமிழ்நாடு உட்பட அந்நாடு முழுவதும் பரவி, அழைத்தவர்களின் தொலைபேசியில் திரையைப் பகிரும் செயலியை நிறுவச்செய்து மோசடிக்காரர் பணத்தை எடுத்தார்கள். அந்தத் தந்திரம் தமிழில் எங்களிடம் வருவதற்குக் கடல் ஒரு தடையாகாது. தனித் தொடர் ஒன்றை இங்கும் ஒதுக்குவதையும், வெளிநாட்டிலிருந்து தொடங்கி உள்நாட்டு இலக்கம் போலக் காட்டும் அழைப்புகளைத் தடுப்பதையும் ஆணைக்குழு விரைந்து ஆராய வேண்டுகிறேன்.

மொழியைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிருவாக மொழி என்று அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் கூறுகிறது. ஆயினும் உண்மையான அழைப்புகளில் பல சிங்களத்தில் வருகின்றன. வீட்டில் பாடசாலை செல்லும் பிள்ளையிடம் தொலைபேசி கைமாறுகிறது, பிள்ளை பாதியை விளங்கி, மீதியை ஊகித்துச் சொல்கிறது. திருப்பி எடுத்தால் தமிழுக்குரிய இலக்கத்தை அழுத்திய பின் நெடுநேரம் இசை கேட்க வேண்டியிருக்கிறது. மோசடிக்காரனோ ஐயா என்றும் அம்மா என்றும் அழைத்து, பொறுமையாக, பிழையில்லாத தமிழில் பேசுகிறான். அவனிடம் மக்கள் ஆறுதலாகப் பேசுவதில் என்ன வியப்பு? நாங்களே திருப்பி எடுக்க வேண்டும் என்ற விதி பயன்தர வேண்டுமாயின், மறுமுனையில் தமிழ் பேசும் மனிதர் ஒருவர் இருக்க வேண்டும். குறைந்தது அலுவலக நேரத்திலாவது, கட்டணம் அறவிடாமல், நியாயமான நேரத்துக்குள் பதில் கிடைக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே சொன்னவை யாவும் தாளில்தான் இருக்கும்.

கடதாசிப் பட்டியலை முழுவதுமாகக் கைவிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். குறுஞ்செய்தியாக வரும் பட்டியல் இளையோருக்கு வசதிதான். ஆனால் தபால் திணைக்களத்தின் பெயரிலேயே போலிக் குறுஞ்செய்திகள் நடமாடிய நாட்டில், முதியவர் ஒருவருக்குத் தம் கணக்கிலக்கத்தையும் உண்மையான தொலைபேசி இலக்கத்தையும் ஐயமின்றிக் காட்டுவது மீற்றர் பார்க்கிறவர் கொடுத்துவிட்டுப் போகும் அந்தத் துண்டுதான். அதில் இலக்கம் கண்ணுக்குத் தெரியும் அளவில் தமிழில் இருக்கட்டும். இணைப்பைத் துண்டிப்பதற்கு முன் எழுத்தில் அறிவித்தல் தருகின்ற நடைமுறையையும் மக்களுக்கு நன்றாக விளக்குங்கள். சிவப்பு அறிவித்தல் வராமல் இன்றிரவே வெட்டுவோம் என்பவன் பொய்யன் என்பதை அறிந்தால் பாதிப் பயம் நீங்கிவிடும்.

இங்கு பணம் கைமாறும் இடத்தையும் கவனியுங்கள். காலபோக அறுவடை முடிந்து நெற்காசு கைக்கு வரும் மாதங்களில்தான் உங்கள் அறவீட்டு அழைப்புகளும் கூடுகின்றன, மோசடி அழைப்புகளும் கூடுகின்றன. மிரட்டலுக்குப் பயந்தவர் நேரே போவது சந்தியிலுள்ள கொமினிக்கேசன் கடைக்கு. அங்கேதான் ரீலோட் போடுவதும், ஈஸி கேஷ், எம் கேஷ் போன்ற சேவைகளால் பணம் அனுப்புவதும் நடக்கிறது. அனுப்பிய பின் மீட்பது மிகக் கடினம். இந்தத் தொகையை யாருக்கு அனுப்புகிறீர்கள், அவரை உங்களுக்குத் தெரியுமா என்று கடைக்காரத் தம்பி கேட்கும் ஒரு கேள்வி பல குடும்பங்களைக் காப்பாற்றும். முகவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதையும் சேர்த்துக்கொள்ள உங்களுக்குப் பெரிய செலவு ஆகாது.

ஏமாந்த பின் என்ன செய்வது என்பதும் எங்களில் பலருக்குத் தெரியாது. முதலில் வங்கியை அழைத்துக் கணக்கை நிறுத்தச் சொல்ல வேண்டும், அதன் பின்னரே பொலிஸுக்குப் போக வேண்டும் என்ற ஒழுங்கு தெரியாமல், பொலிஸ் நிலைய வாங்கிலில் காத்திருந்த நேரத்தில் மீதியையும் இழந்தவர்கள் இருக்கிறார்கள். இணையவழிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கைக் கணினி அவசரத் தயார்நிலைக் குழுவுக்கு 101 என்றும், நிதி நிறுவனங்கள் பற்றிய முறைப்பாடுகளுக்கு மத்திய வங்கியில் 1935 என்றும் இலக்கங்கள் இருப்பதை எங்கள் பகுதியில் அறிந்தவர் மிகச் சிலரே. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டமும், 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஏட்டில் இருக்கின்றன. இரண்டாவது சட்டம் உங்களையும் கட்டுப்படுத்துவதற்கென இயற்றப்பட்டது. எங்கள் பெயரும் இலக்கமும் நிலுவைத் தொகையும் உங்கள் அறவீட்டு முகவர்களிடம் எவ்வளவு கவனமாகப் பேணப்படுகின்றன என்று கேட்கும் உரிமை எங்களுக்கு உண்டு. பொய்யாக அழைத்தவன் நிலுவைத் தொகையைச் சரியாகச் சொன்னான் என்று ஒருவர் என்னிடம் வந்து சொன்னபோது, அந்த விபரம் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது என்ற கேள்வியே எனக்கு முதலில் எழுந்தது.

இம்மடலுக்குத் தனிப்பட எனக்குப் பதில் எழுத வேண்டியதில்லை. நீங்கள் எந்த இலக்கத்திலிருந்து அழைப்பீர்கள், எதைக் கேட்கவே மாட்டீர்கள், நாங்கள் எந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுக்க வேண்டும் என்ற மூன்றையும் முடிவு செய்து, அடுத்து வரும் பட்டியலின் பின்புறத்தில் தமிழில் அச்சிட்டால் அதுவே பதில். அதன் பிரதிகளை மாங்குளம், மல்லாவி, புதுக்குடியிருப்பு, விசுவமடு, பூநகரி, நெடுங்கேணி ஆகிய இடங்களின் தபாலகங்களுக்கும் அவற்றுக்குரிய பிரதேச செயலகங்களுக்கும் அனுப்பிவையுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கங்களின் துணையோடு அவற்றைக் கடைகளிலும் கோயில் வாசல்களிலும் தேவாலயங்களிலும் ஒட்டி, வாசிக்க முடியாதவர்களுக்கு வாசித்துக் காட்டும் வேலையை நாங்கள் பொறுப்பேற்றுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உப தபாலதிபர் ஒருவர்,
முல்லைத்தீவு மாவட்டம்.