மருந்துப் பதிவுக்கும் விலைக்கும் பொறுப்பானவர்களுக்கு மூதூரிலிருந்து ஒரு மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். இலங்கையில் மருந்துகளைப் பதிவு செய்வதும் அவற்றுக்கு உச்ச விலை விதிப்பதும் உங்கள் பொறுப்பில் இருப்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். சட்டமும் வர்த்தமானியும் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் எங்கள் வீட்டில் நடந்தது தெரிந்திருக்காது.

என் மகளுக்கு ஒன்பது வயது. ஐந்து வயதிலிருந்து வலிப்புக்குக் குளிசை எடுக்கிறாள், காலை ஒன்று, இரவு ஒன்று. போன மாதம் கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று துண்டு எழுதித் தந்தார்கள். மூதூரில் கிடைக்கவில்லை. பஸ்ஸில் போய்க் கிண்ணியாவில் இறங்கிக் கேட்டேன், இல்லை. திருகோணமலை நகரத்தில் ஏழு பாமசி ஏறி இறங்கினேன். சட்டைப் பையில் பழைய மருந்து அட்டை இருந்தது. ஒவ்வொரு முறையும் கத்தரிக்கோலால் வெட்டி வெட்டிக் கடைசியில் இரண்டு குழி மட்டும் மிஞ்சிய வெற்று அட்டை. பெயரிலும் பாதிதான் மிச்சம். அதை ஒவ்வொரு கடையிலும் நீட்டினேன். கடைசிக் கடையில் நின்ற தம்பி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணன், இது இப்ப வாறதில்லை. இந்த விலைக்குக் கட்டாதெண்டு கொம்பனி இறக்கிறதை விட்டிட்டுது. வேற ஒண்டு பதிவுக்குக் குடுத்துக் கிடக்காம், இன்னும் வரேல்லை."

வீட்டில் மூன்று குளிசை இருந்தது. மூன்று நாள் இரவுக்கு மட்டும் கொடுத்தோம். நான்காம் நாள் விடியற்காலை, பாயில் அவளுடைய கால் தரையில் அடிபடும் சத்தத்தில்தான் எழும்பினேன். நாக்கைக் கடித்திருந்தாள். தலையணை உறை முழுக்க இரத்தம். அதற்கு முன் இரண்டு வருடமாக அவளுக்கு வலிப்பு வந்ததே இல்லை.

பிறகு கொழும்பில் இருக்கும் என் மச்சான் அதே மருந்தை வேறு கொம்பனிப் பெயரில், பழைய விலையைப் போல நான்கு மடங்கு கொடுத்து வாங்கி, இரவு பஸ் கொண்டக்டர் கையில் கொடுத்து அனுப்பினார். இன்றைக்கும் அப்படித்தான் வாங்குகிறோம்.

விலைக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் எழுதவில்லை. 2016 ஒக்ரோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தபோது எங்கள் தெருவில் நீரிழிவும் பிரஷரும் உள்ளவர்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது என்ன நடந்தது? மார்ச்சில் 29 வீதம், ஏப்ரல் கடைசியில் 60 மருந்துகளுக்கு 40 வீதம் என்று விலையைக் கூட்ட வேண்டி வந்தது. அந்த முடிவுகள் வரும்வரை விலை பழைய விலை, தட்டு வெறுந்தட்டு. இறக்குமதி செய்பவருக்கு நட்டம் என்றால் அவர் நிறுத்திவிட்டுப் போகிறார். அவர் ஒருவர்தான் பதிவு வைத்திருக்கிறார் என்றால், அவர் போன அன்றே அந்த மருந்தும் நாட்டை விட்டுப் போகிறது. பதிவில்லாமல் இன்னொருவர் சாதாரணமாகக் கொண்டுவர முடியாது. பதிவு எடுக்கவோ காலம் போகிறது. இதில் முதலில் மறைவது மலிவான, பழைய, ஏழைகள் எடுக்கும் மருந்துதான். விலை கூடியது எப்போதும் கிடைக்கும்.

ஆகவே நான் கேட்பது ஒன்று. உச்ச விலை விதித்த ஒவ்வொரு மருந்துக்கும் குறைந்தது இரண்டு கொம்பனிகளின் பதிவாவது எப்போதும் நடப்பில் இருக்கும்படி செய்யுங்கள். ஒருவர் மட்டும் மிஞ்சுகிறார் என்றால் பதிவுக்குக் காத்திருக்கும் மற்றவரின் விண்ணப்பத்தை முன்னால் எடுத்து, தவணை வைத்து முடிவு சொல்லுங்கள்.

தரப் பரிசோதனையைத் தளர்த்தச் சொல்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023இல் தரமற்ற இம்யூனோகுளோபியூலின் (நோய் எதிர்ப்புக்கு ஏற்றும் மருந்து) குப்பிகள் அரச வைத்தியசாலைகளுக்குள் வந்ததை நாங்கள் மறக்கவில்லை. பிள்ளைக்குக் குளிசை கொடுக்கும் தகப்பன் தரத்தைப் பற்றி உங்களைவிடக் குறைவாகக் கவலைப்படுவானா? கோப்பு பிழை என்றால் நிராகரியுங்கள். சரி என்றால் கையெழுத்து வையுங்கள். இரண்டும் இல்லாமல் மேசையில் கிடப்பதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

இந்த நாட்டுக்கு இது புதிய யோசனையும் இல்லை. 1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்தைத் தொடங்கியபோது மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, கொம்பனி வைத்த பெயரை விட்டு மருந்தின் பொதுப்பெயரைச் சொல்லி உலகம் முழுவதும் கேள்விமனு கோரினார். பல பேர் போட்டி போட்டதால்தான் விலை இறங்கியது. இன்றைக்கு விலையைத் தாளில் இறக்கிவிட்டுப் போட்டிக்கு வரும் வழியை அடைத்து வைத்திருக்கிறோம். உள்ளூரில் குளிசை செய்ய முன்வருபவருக்கும் இதே வரிசைதான். அவர் ஏன் புதிதாக ஒன்றைச் செய்ய முதல் போடப் போகிறார்?

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஒரு மருந்து நிற்கப் போகிறது என்று எங்களுக்கு யாருமே சொல்வதில்லை. தண்ணீர் வெட்டுக்கு அறிவித்தல் வருகிறது, மின்வெட்டுக்கு வருகிறது. வலிப்பு மருந்து நிற்கப்போகிறது என்று ஒரு வாரத்துக்கு முன் தமிழில் ஒரு வரி வந்திருந்தால் நான் அன்றைக்கே கொழும்புக்குச் சொல்லியிருப்பேன். மகள் நாக்கைக் கடித்திருக்க மாட்டாள். கொழும்பில் மச்சான் இல்லாத குடும்பங்கள் என்ன செய்கின்றன என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

கோபத்தில் ஏதும் கூடச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். உங்களிடம் ஆட்கள் குறைவு, வேலை அதிகம் என்பதும் விளங்குகிறது. ஆனாலும் தயவுசெய்து அந்தப் பட்டியலை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஒரே ஒரு பதிவில் தொங்கும் மருந்துகள் எவை என்று பார்த்து, இரண்டாவதுக்கு வழி விடுங்கள். அதுவரை, நிற்கப்போகும் மருந்தை மூன்று மொழியிலும் முன்கூட்டியே அறிவியுங்கள்.

இதை எழுதும்போது எங்கள் அலுமாரியில் இருபத்திரண்டு குளிசை இருக்கிறது. பதினொரு நாளைக்குக் காணும்.

இப்படிக்கு,
மூதூரிலிருந்து ஒரு தகப்பன்