வீரர் நினைவுப் பணிக்குழு: செயலாளரின் ஆண்டறிக்கை, தில்லி

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்க உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறன்று, தில்லி கண்டோன்மெண்ட் பிரார் சதுக்கத்தில் உள்ள போர்க் கல்லறையில் இந்த ஆண்டும் மலர்வளையம் வைத்தோம். அலகாபாத், கான்பூர், டேராடூன், லக்னோ இடுகாடுகளில் இருந்த கல்லறைகளை நிரந்தரமாகப் பராமரிப்பதற்காக ஓரிடத்தில் சேர்த்து, 1951-இல் அமைத்த இடம் இது. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் பராமரிக்கிறது.

“நம்ம ஊர்க்காரங்க எந்த வரிசையில இருக்காங்க?” என்றுதான் குடும்பத்தார் வந்தவுடன் கேட்கிறார்கள். நம் தமிழ் வீரர்களில் பெரும்பாலோர் தகனம் செய்யப்பட்டவர்கள். அவர்களுக்குக் கல்லறை கிடையாது, பெயர்தான் உண்டு. இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த, பிரிக்கப்படாத இந்தியாவின் வீரர்கள் 25,000 பேருக்கு மேல் இதே வளாகத்து நினைவகத்தில் நினைவுகூரப்படுகிறார்கள். ஆனால் பர்மாவில் மறைந்தவர் பெயரைத் தவுக்கியான் ரங்கூன் நினைவகத்திலும், மலேயாவில் மறைந்தவர் பெயரைச் சிங்கப்பூர் கிராஞ்சியிலும் தேட வேண்டும். எங்கே இறந்தார் என்று தெரியாமல் பிரார் சதுக்கத்துக்கு வந்தால் வெறுங்கையோடு திரும்ப நேரிடும். எனவே வீட்டிலேயே ஆணையத்தின் இணையப் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதே முறை.

தேடுவதிலும் சிக்கல் உண்டு. அன்றைய எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முத்துசாமி என்ற பெயருக்கே பல எழுத்துக்கூட்டல்கள் இருக்கும். முதல் மூன்று எழுத்தோடு படைப்பிரிவைச் சேர்த்துத் தேடுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மட்டும் போதாது. மெட்ராஸ் சாப்பர்ஸ், பயனியர் கோர், ராணுவ சர்வீஸ் கோர் எல்லாவற்றிலும் பாருங்கள். ஒரே பெயரில் பலர் வந்தால் படை எண்ணும், தகப்பனார் பெயரும், ஊரும்தான் ஆளை உறுதி செய்யும். மாவட்டம் பழைய பெயரில் இருக்கும்: வட ஆற்காடு, ராம்நாடு, தின்னவேலி. 1947 டிசம்பர் 31 வரை பணியில் இறந்தவர்களும் பட்டியலில் உண்டு. சண்டை ஓய்ந்தபின் நோயில் போனவர் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

முதல் உலகப் போர் என்றால் இந்தியா கேட் சுவர்களில் 13,000-க்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. சுதந்திரத்துக்குப் பின் வீழ்ந்தவர்களுக்கு, 2019 பிப்ரவரி 25 அன்று திறக்கப்பட்ட தேசியப் போர் நினைவகம். அங்கே தியாகச் சக்கரம் என்ற வட்டச் சுவர்களின் கருங்கல் பலகைகளில் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பரம் வீர் சக்கரம் பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் மார்பளவுச் சிலை அதே வளாகத்தின் பரம் யோதா ஸ்தலில் இருக்கிறது. குழந்தைகளைக் கட்டாயம் அழைத்துச் செல்ல வேண்டிய இடம்.

அஞ்சலி முறை: ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற பியூகிள் இசை முடிந்த பிறகே இரண்டு நிமிட மௌனம்; அதன் பின் ‘ரெவெய்’ என்ற துயிலெழுப்பும் பியூகிள் இசை, மலர்வளையம், பெயர் வாசிப்பு. பெயரை ஊரோடு சேர்த்து, அவசரமில்லாமல் வாசிக்க வேண்டும். கேட்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு வரிதான் எல்லாமும். சொந்தப் பதக்கத்தை இடது மார்பிலும், தாத்தாவின் பதக்கத்தை வலது மார்பிலும் அணிவது மரபு.

கல்லில் கை வைக்கும் விஷயத்தில் கண்டிப்பாக இருக்கிறோம். எண்ணெய் விளக்கு, கற்பூரம், குங்குமம் வேண்டாம்: கல் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டால் அந்தக் கறை போகாது. நனைந்த சாமந்தியும் மஞ்சள் கறை விடும். கம்பிச் சட்டத்தில் கட்டிய மலர்வளையத்தைக் கல்லில் சாய்த்தால் ஒரு மழைக்கே துருக்கோடு விழுந்துவிடும். புல்தரையிலோ படியிலோ வையுங்கள். மங்கிய எழுத்தைப் படிக்க மாவோ மணலோ தேய்க்காமல், சிறு கண்ணாடியால் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பினால் எழுத்து எடுப்பாகத் தெரியும். பாசியைச் சுரண்டாதீர்கள், அது பராமரிப்பாளர் வேலை.

கண்டோன்மெண்ட் பகுதி என்பதால் எல்லோரும் அடையாள அட்டை கொண்டுவர வேண்டும். தௌலா குவான் மெட்ரோவிலிருந்து முதியவர்களுக்கு ஆட்டோ ஏற்பாடு தொடரும்.

அடுத்த ஆண்டு வாசிக்க வேண்டிய பெயர்களை ஆகஸ்ட் இறுதிக்குள் தாருங்கள். பழைய பென்ஷன் தாள், கடிதம், பதக்கம் எது இருந்தாலும் எடுத்து வாருங்கள். முதல் உலகப் போர்ப் பதக்கத்தின் விளிம்பில் எண், பதவி, பெயர், படைப்பிரிவு வெட்டப்பட்டிருக்கும். பாலிஷ் போட்டுத் தேய்க்காமல் அப்படியே கொண்டுவாருங்கள்.

செயலாளர்