நிலாவெளிக் குதிரைச் சவாரிக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

அன்பான திருகோணமலை உறவுகளுக்கு,

நிலாவெளிப் பக்கம் நடந்த 40 கிலோமீற்றர் நெடுந்தூரக் குதிரைச் சவாரிக்கு உதவிய எல்லோருக்கும் எங்கள் நன்றி.

முதலில் மிருக வைத்தியர்களுக்கு. புறப்பட முன், 20 கிலோமீற்றரில், முடிவில் என்று மூன்று தடவை ஒவ்வொரு குதிரையையும் பதறாமல் பார்த்தீர்கள். வந்து சேர்ந்து 15 நிமிடத்துக்குள் நாடி நிமிடத்துக்கு 64 துடிப்புக்கு இறங்க வேண்டும். இறங்கினாலும் சோதனை முடிவதில்லை. ஈறை அழுத்தி விட்டால் இரண்டு செக்கனுக்குள் நிறம் திரும்ப வேண்டும். தோளருகே கிள்ளிய தோல் உடனே படிய வேண்டும். வயிற்றின் இரு பக்கமும் மேலும் கீழுமாக நான்கு இடத்தில் குடல் இரைச்சல் கேட்க வேண்டும். பிறகு கயிற்றைத் தளர்த்திப் பிடித்து 40 மீற்றர் போய்வர மெல்லோட்டம். ஓடத் தொடங்கி ஒரு நிமிடமானதும் மறுபடி நாடி. முதல் எண்ணியதைவிட நாலு துடிப்புக்கு மேல் கூடியிருந்தால் வலியோ களைப்போ உள்ளே கிடக்கிறது. நொண்டாத குதிரையைக்கூட இது காட்டிக்கொடுக்கும்.

நாடி எண்ணிய தம்பி தங்கச்சிமாரே, உங்கள் வேலை சின்ன வேலையல்ல. குதிரையின் இதயத்தில் இரண்டு சத்தம் சேர்ந்தே ஒரு துடிப்பு. பழகாத காது அதை இரண்டாக எண்ணிவிடும். 15 செக்கன் எண்ணி நாலால் பெருக்கும்போது ஒரு துடிப்புப் பிழைத்தால் கணக்கில் நாலு பிழைக்கும். 64ஐ ஒட்டி நின்ற குதிரைகளுக்கு நீங்கள் முழு நிமிடமும் எண்ணியது மிகச் சரி.

குதிரைகளைக் குளிர்விக்கத் தண்ணீர் பவுசர் கொண்டுவந்த அண்ணாவுக்கும், மீன் வாடியிலிருந்து ஐஸ் தந்தவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஓடிச் சூடேறிய குதிரையில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் தசை பிடிக்கும் என்று இன்னும் சொல்கிறார்கள். பிடிக்காது. உடம்பில் பட்ட தண்ணீர் சூடாகிவிடும், அதனால் கழுத்திலும் உடம்பிலும் விடாமல் ஊற்ற வேண்டும். ஈரத் துணியைப் போர்த்தி விடுவதுதான் கெடுதல். சூடு உள்ளேயே அடைபடும். கச்சான் காற்று வீசும்போது வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் குதிரை எவ்வளவு நீர் இழந்தது என்று கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் குடிக்காத குதிரைக்கு, வியர்வையில் போன உப்பை ஈடுசெய்ய வாயில் ஊட்டும் உப்புப் பசை கொடுக்கவிடாமல் தடுத்த வைத்தியருக்குத் தனி நன்றி. அந்த உப்பு, உடம்பில் மிச்சமுள்ள நீரையும் குடலுக்கு இழுத்துவிடும்.

ஒரு குதிரையின் நாடி 60 தான். ஆனாலும் விலா, இதயத் துடிப்போடு சேர்ந்து துடித்தது. வியர்வையோடு உப்புகள் போய் இரத்தத்தில் கல்சியம் குறைந்ததன் அறிகுறி அது. வைத்தியர்களே, அந்தக் குதிரையை மேலே ஓடவிடாமல் நிறுத்தினீர்கள். சவாரி செய்தவருக்கு அப்போது மனம் வருந்தியிருக்கும், ஆனால் எங்களுக்கு அந்த நாளின் பெரிய உதவி அதுதான்.

வேப்பமர நிழலில் இரவு தங்கவிட்ட வளவுக்கார ஐயாவுக்கும் நன்றி. வயிற்று வலியும் தசை இறுக்கமும் ஓட்டம் முடிந்து சில மணித்தியாலம் கழித்தும் வரலாம். கோப்பி நிறத்தில் சிறுநீர் போனால் அந்தக் குதிரையை நடத்தவே கூடாது, லொறியிலும் ஏற்றக் கூடாது. சாணியையும் சிறுநீரையும் பார்த்து விடிந்த பின்னரே ஏற்றினோம்.

ஆறு வாளியும் இரண்டு ஐஸ் பெட்டியும் அதே வளவில் இருக்கின்றன. உரியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
சவாரி ஏற்பாட்டுக் குழுவினர்