பெனிசிலின் ஆலைகளின் உற்பத்தி மேலாளர்களுக்கு: சர்க்கரையைக் கடிகாரம் பார்த்து ஊட்டாதீர்கள்

வணக்கம்.

விளைச்சல் குறைந்தால் பழி முதலில் பூஞ்சை ரகத்தின் மேல் விழுகிறது. புது ரகம் கேட்டுக் கோப்பு நகர்கிறது. அதற்கு முன் பேட்ச் ஷீட்டில் (ஒவ்வொரு தொகுதி உற்பத்தியின் பதிவுத்தாள்) குளுக்கோஸ் பத்தியைப் பாருங்கள். முதல் நாள் தொடங்கிக் கடைசி நாள் வரை மணிக்கு ஒரே அளவு என்றிருந்தால், கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

குளுக்கோஸ் மிஞ்சினால், பெனிசிலினைச் சுரக்கும் பூஞ்சையான பெனிசிலியம் கிரைசோஜீனம் கொழுக்குமே தவிர மருந்து சுரக்காது. சுரப்பை அந்தச் சர்க்கரையே அடக்கிவிடும். 1940-களில் லாக்டோஸ் கைகொடுத்ததும் இதனால்தான்: பூஞ்சை அதை மெதுவாகத்தான் உடைக்கும். இன்று அந்த நிதானத்தை, குளுக்கோஸைச் சிறுகச் சிறுகச் செலுத்தும் பம்பு தர வேண்டும்.

குறைத்தாலும் கேடுதான். 10,000 லிட்டர் திரவத்தில் லிட்டருக்கு 30 கிராம் பூஞ்சை (உலர் எடை) இருப்பதாக வைப்போம். உயிரைத் தக்கவைக்க மட்டும் ஒரு கிராம் பூஞ்சைக்கு மணிக்கு ஏறத்தாழ 0.022 கிராம் குளுக்கோஸ் வேண்டும், மொத்தம் 6.6 கிலோ. வளர்ச்சி வீதம் மணிக்கு 0.015-க்குக் கீழே (ஒரு கிராம் பூஞ்சைக்கு மணிக்கு 0.015 கிராம் புதுப் பூஞ்சை) போனால் சுரப்பு தளரத் தொடங்கும். அதைக் காக்க, ஒரு கிராம் குளுக்கோஸுக்கு 0.45 கிராம் பூஞ்சை என்ற கணக்கில், இன்னும் 10 கிலோ. மருந்துக்குப் போகும் பங்கைச் சேர்க்காமலே 17 கிலோவை நெருங்கிவிட்டோம். பூஞ்சை லிட்டருக்கு 20 கிராமாக இருக்கையில் 11 கிலோ போதும். 40 ஆனால் 22 வேண்டும். ஒரே எண் இரண்டுக்கும் எப்படிப் பொருந்தும்?

சரிபார்க்க எளிய வழி உண்டு. ஊட்டத்தைச் சில நிமிடம் நிறுத்துங்கள். கரைந்த ஆக்சிஜன் உடனே ஏறினால் சர்க்கரை தேங்கவில்லை என்று பொருள். அசையாமல் இருந்தால் தேங்கிக் கிடக்கிறது, ஊட்டத்தைக் குறையுங்கள். (ஆக்சிஜன் உணரியின் சவ்வில் பூஞ்சை இழை படிந்திருந்தாலும் அளவு பொய் சொல்லும். முதலில் அதைப் பாருங்கள்.)

இழைகள் அடர அடரத் திரவம் கூழாகி ஆக்சிஜன் கரைவது குறையும். கரைந்த ஆக்சிஜன், காற்றால் நிறைவுற்ற அளவில் 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், கலக்கியின் வேகத்தையும் காற்றையும் கூட்டுங்கள். அதற்கும் மசியாவிட்டால் ஊட்டத்தைத்தான் குறைக்க வேண்டும். நுரை அடக்கும் எண்ணெயை அள்ளி ஊற்றினால் ஆக்சிஜன் இன்னும் சரியும், துளித்துளியாகவே விடுங்கள்.

பெனிசிலின் ஜி மூலக்கூறின் பக்கச் சங்கிலிக்கான (மையக் கருவுடன் இணையும் பகுதி) ஃபீனைல் அசிட்டிக் அமிலமும் இதே கதைதான். ஒரு கிராம் மருந்துக்குக் குறைந்தது 0.41 கிராம் தேவை; ஆனால் மொத்தமாகக் கொட்டினால் பூஞ்சைக்கு நஞ்சு. லிட்டருக்கு ஒரு கிராமைத் தாண்டாமல், நடுநிலையாக்கிய உப்பாகத் தொடர்ந்து செலுத்துங்கள். பி.எச். 6.5-ஐ ஒட்டி நிற்கட்டும்: இறங்கினால் அமிலம் செல்லுக்குள் எளிதாகப் புகும், 7-க்கு மேல் போனால் விளைந்த மருந்தே சிதையும்.

எங்கள் கோரிக்கை இதுதான்: பேட்ச் ஷீட்டில் 'மணிக்கு எத்தனை கிலோ' என்பதன் பக்கத்தில் அன்றைய உலர் எடை, எஞ்சிய குளுக்கோஸ், ஆக்சிஜன் ஆகிய மூன்று பத்திகளைச் சேருங்கள். ஊட்ட வீதத்தை ஷிஃப்டுதோறும் அவற்றைப் பார்த்து மாற்றும் அதிகாரத்தை, நொதிகலன் (பூஞ்சை வளரும் தொட்டி) அருகில் நிற்பவரிடமே கொடுங்கள்.

இப்படிக்கு,
நொதிப்புப் பிரிவுப் பொறியாளர்கள்